வீட்டுக்கும் கடைக்கும் நடுவே அயலான் எழுப்பிய சுவர்

அடிமை நிலை நாவோடு நின்றுவிடுவதில்லை. அயற்சொல்லை வாய் கூசாது வழங்கும் இனம் அடுத்து அயலான் உடுப்பை உடுக்கும். அயலான் உணவை உண்ணும். இறுதியில் அயலான் வரைந்த வீட்டில் அடங்கிக் கிடக்கும். தமிழினம் இன்று அந்த இறுதிப் படியில் நிற்கின்றது. மொழியில் புகுந்த கலப்பைக் கண்டு கொதிப்பவர்கூட, தாம் குடியிருக்கும் வீட்டில் புகுந்த கலப்பைக் காண்பதில்லை. விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் ஊன்றிப் பார்ப்பார்க்கு அது கண்கூடு.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இவ்விரு நகரங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி விழுப்புரத்தில் 96,253 பேரும் திண்டிவனத்தில் 72,796 பேரும் வாழ்ந்தனர். 1993-இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டு, விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது முதல், அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி என்று சுற்றுச் சிற்றூர்களின் மக்கள் அங்குக் குவிகின்றனர். கடைத்தெருவை ஒட்டிய தெருக்களில் கால் வைக்க இடமில்லை. வருவோர் எங்கே குடியிருப்பது? மனை வணிகர் தரும் விடை ஒன்றே: நெல்லும் மல்லாட்டையும் விளைந்த நிலத்தைக் கூறு போடு, வண்ணக்கல் நடு, ஆங்கிலப் பெயர் சூட்டு, விற்றுவிட்டுப் போ! அங்கே உப்பு வாங்குவதற்கும் வண்டியேறி ஊருக்குள் வரவேண்டும். வண்டியற்ற முதியவளும் குழந்தையும் வீட்டுக்குள்ளேயே சிறையிருக்க வேண்டும். விளைநிலம் போயிற்று, ஊரோ உருவாகவில்லை.

நகர் வாழ்வு அறியாத மண்ணா இது? திண்டிவனத்தின் பகுதியாக இன்று கிடங்கல் என வழங்குவதே, சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாடிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில். புளியங்காடு எனும் பொருள்பட வடமொழியாளர் வைத்த திந்திரிவனம் எனும் பெயரே திண்டிவனம் எனத் திரிந்தது என்பர். ஊர்ப்பெயர் போனவாறே ஊரமைப்பும் போயிற்று. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் பல தொழிலாளரும் வணிகரும் மருவூர்ப்பாக்கத்தில் நெருங்கி வாழ்ந்தனர். அதற்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரச்சோலையில் நாளங்காடி நடந்தது. நெருங்கி வாழ்தலும், வாழுமிடத்தருகே தொழில் செய்தலும் தமிழர்க்கு மேலைநாட்டார் கற்பித்த பாடமன்று.

அவ்வாழ்வுக்கேற்ற வீட்டையும் தமிழன் அமைத்திருந்தான். தெருவை நோக்கிக் குறுகிய முகப்பு; பின்னோக்கி நீண்ட உடல்; இருபுறமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். முன்னே உயர்ந்த திண்ணை, அடுத்து நடை, நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும், பின்னே அடுக்களையும் கிணறும். திண்ணையில் கணக்கன் எழுதினான், ஆசிரியன் பிள்ளைகட்குக் கற்பித்தான், வணிகன் பொருள் விற்றான், வழிப்போக்கன் இளைப்பாறினான். உள்ளே குடும்பம் தன் ஒதுக்கத்தோடு வாழ்ந்தது. சுவர்கள் ஒட்டியிருந்தமையால் பக்கவெயில் தாக்கவில்லை. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருக்காற்று நடையின் வழியே உட்புகுந்தது.

இவ்வீட்டை வீழ்த்தியது எது? கடப்பாரையன்று, சட்டம்! பிரித்தானிய நகரமைப்புச் சட்டங்களின் வழியில் 1920-இல் சென்னை மாகாணத்திற்கு ஒரு சட்டம் வந்தது. ஆலைப் புகையில் மூச்சுத் திணறிய ஆங்கிலத் தொழிலாளிக்கு, வீடு வேறு தொழிலிடம் வேறு என்று பிரித்தது நன்மையாக இருந்திருக்கலாம். குளிரில் நடுங்கும் நாட்டில் வீட்டின் நாற்புறமும் வெயில் படச் செய்வதும் அறிவுடைமையே. வெயிலில் வேகும் விழுப்புரத்துக்கு அது எதற்கு? 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. ஆண்டவர் மாறினர், அடிப்படை மாறவில்லை. குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலத்தைக் கூறிடுவதும், மனையின் ஓரங்களில் வெற்றிடம் விடச் சொல்வதும் தொடர்கின்றன. தொடர் கட்டடப் பகுதிக்கும் குடியிருப்பினிடையே சிறுகடைக்கும் அவ்விதிகளிலேயே இடமுண்டே என்பர். உண்டு, ஆனால் விலக்காக உண்டு. தமிழனின் இயல்பான வீடு தமிழ்நாட்டில் விலக்காகவும், அயலானின் தனிமாளிகை பொதுவிதியாகவும் இருப்பதன்றோ இழிவு!

கணக்கிட்டுப் பார்க்கட்டும். 20 அடி அகலமும் 60 அடி நீளமும் உடைய மனையில், பக்கத்துக்கு 3 அடி விட்டால் 360 சதுர அடி வீணாகிறது. மனையில் பத்தில் மூன்று பங்கு அது. அந்த இடுக்கில் வெயிலும் வாராது, காற்றும் உலவாது, கழிவுநீர்க் குழாயும் குப்பையுமே கிடக்கும். அதில் பாதியை மனையின் நடுவே வைத்தால் 15 அடிக்கு 12 அடி முற்றம் கிடைக்கும். வீடு முழுதும் ஒளி பெறும். மற்றப் பாதி, தெருவில் ஒரு கடைக்கோ தொழிலறைக்கோ ஆகும். மேலே இரு நிலைகள் எழுப்பினால் அம்மனையிலேயே மூன்று குடும்பங்கள் வாழலாம். விளைநிலத்தை விழுங்காமல் நகரைப் பெருக்கும் வழி இதுவே.

தொழிலையும் வீட்டையும் பிரிப்பதால் முதலில் சாவது ஏழையின் பிழைப்பு. விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாட்டில் பட்டு நெய்யும் குடும்பத்தின் தறியை வீட்டினின்று பிரித்துப் பார்க்க இயலுமா? சென்னையில் நேர்ந்ததை நினைக்கட்டும். கால்வாய்க் கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த உழைப்பாளர், 2000-ஆம் ஆண்டு முதல் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கும் பெயர்க்கப்பட்டனர். கூரை கிடைத்தது, வேலை தொலைந்தது. நீதி கேட்ட கண்ணகியின் பெயரைச் சூட்டிவிட்டால், நீதி மறுக்கப்பட்ட குடியிருப்பு தமிழ்க் குடியிருப்பு ஆகிவிடுமா?

பழந்தெருவைப் போற்றுவோர் அதன் நோயையும் சொல்லக் கடமைப்பட்டவர். திண்ணை எல்லாரையும் அமர்த்தவில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்த ஆரியச் சாதிக்கோடு, ஆங்கிலேயன் இட்ட கோட்டினும் பழையது, கொடியது. 1978-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விழுப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். கடைத்தெருவுக்கு அருகில் வாழ்ந்தும் அவர்க்குக் காப்பில்லை. வீடுகளின் சுவர் ஒட்டினால் போதாது. அச்சுவரின் இருபுறமும் சாதி பாராது குடியேற வேண்டும். மரபில் கொள்ளத்தக்கது முற்றம், தள்ளத்தக்கது சேரி. இரண்டையும் சேர்த்துச் சுமப்பவன் தமிழ்ப் பற்றாளன் அல்லன்.

ஒட்டிய வீடுகளில் தீப் பரவும் என்பர் சிலர். கூரைக்கு மேல் உயர்த்திய தடித்த செங்கற் பொதுச்சுவரும், பின்புறச் சந்தும் அதைத் தடுக்கும். வெள்ளம் புகும் என்பர் வேறு சிலர். 2024-ஆம் ஆண்டு பெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. இரு நகரங்களின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் நின்றன. ஏரி நிலத்தையும் வாய்க்காலையும் மனையாக்கியவன் குற்றத்தை வீட்டின்மேல் ஏற்றுவதேன்? திண்ணை உயர்ந்ததே மழைநீர் உட்புகாமைக்கு அன்றோ! முற்றத்து நீர் கிணற்றைச் சேரும். சாலையில் ஓடி அடுத்தவன் வாயிலை அடைக்காது.

உலகம் இவ்வமைப்பை இகழவில்லை. 1822-இல் இராபில்சு வகுத்த சிங்கப்பூர் நகரமைப்பில், ஒட்டிய வீடுகளின் முகப்பில் தொடர்ந்த நடைவழி விடப் பணிக்கப்பட்டது. கீழே கடையும் மேலே குடியுமாக அமைந்த அவ்வீடுகளை அந்நாடு இன்று போற்றிக் காக்கின்றது. அவ்வளவு தொலைவு போவானேன்? திண்டிவனத்துக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வைசியாள் தெருவைப் புதுப்பித்தமைக்கு 2008-இல் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு விருதளித்தது. அயலான் விருது கொடுத்த பின்னும் தன் வீட்டின் அருமை தமிழனுக்கு விளங்கவில்லை!

இனிச் செய்யவேண்டுவன தெளிவானவை. கட்டட விதிகள் தமிழில் எழுதப்பட்டு, கொத்தனும் குடியிருப்பவனும் படித்துணரும் நூலாதல் வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் நகரங்களின் தெருக்களில் ஒட்டிய சுவரும் நடுமுற்றமும் விலக்காக அன்றிப் பொதுவிதியாதல் வேண்டும். புகையும் நஞ்சும் கக்காத எத்தொழிலும் வீட்டின் முன்னறையில் நடத்த உரிமை வேண்டும். அரசு கட்டும் வீடு உழைப்பவனின் வேலையிடத்தருகே, சாதிக்கோடற்ற தெருவில் எழுதல் வேண்டும்.

இவற்றைக் கேளாத தமிழன், தன் மண்ணில் தன் பொருளில் அயலானுக்கு வீடு கட்டி, அதில் தானே குடிக்கூலிக்கு இருப்பவனாவான். மொழி மீட்பு வாயிலோடு நின்றால் போதாது. அது வாசலுக்கும் வரட்டும். தமிழரே, திண்ணையை மீட்பீர், தெரு மீளும்! தெரு மீண்டால் ஊர் மீளும்!