சோப்பு நுரையில் மூழ்கும் பூச்சிகள்

தெளிந்த குளத்தோரம் சற்று நின்றால் தண்ணீரின் மேல் விறுவிறுவென ஓடும் நெட்டைக்கால் பூச்சிகளைப் பார்க்கலாம். நடுக்கால்கள்தான் அவற்றின் துடுப்பு. காலிலுள்ள நுண்மயிர்களில் நீர் ஒட்டாது. நீரின் பரப்பு இழுவிசை உடலைத் தாங்கிக்கொள்ளும். தவறி விழுந்த எறும்பு துடித்தால், அந்த அதிர்வை வைத்தே பாய்ந்து பிடித்துவிடும்.

எல்லா இனமும் எல்லா நீரிலும் வாழாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் டைலோமெரா. குளத்திலும் வயலிலும் லிம்னோகோனஸ். நெல் வயலில் இவற்றின் குட்டி உறவான மைக்ரோவீலியா, பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியின் குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தால் தின்று தீர்க்கிறது. பூச்சிமருந்து அடித்தால் கூலி கேட்காத இந்தக் காவலாளிதான் முதலில் சாகிறது!

இந்தப் பூச்சிகளில் பலவற்றுக்கு இறக்கையே கிடையாது. ஓடை வறண்டால் பறந்து தப்ப வழியில்லை.

சோப்பு இன்னும் கொடியது. அது பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் பூச்சி அப்படியே அமிழ்ந்துபோகும். குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்புக்குத் தடை உண்டு. மற்ற ஓடைகளில் யார் கேட்கிறார்கள்?

புலிக்கும் யானைக்கும் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி விலங்கியல் துறைகள் தங்கள் ஊர்க் குளத்திலிருந்து இந்தப் பூச்சிகளின் கணக்கைத் தொடங்கட்டும். ஓடைத்துறைகளில் சோப்புத் தடையை உள்ளாட்சிகள் கொண்டுவரட்டும்.