விரிசலைத் தேட ஆள் எங்கே?

சேர்வராயன் மலையிலே ஒரு காலத்தில் வெட்டியெடுத்த பாக்சைட், மேட்டூர் ஆலையில் அலுமினியமாயிற்று. பயணி விமானங்கள் பலவற்றின் உடலும் அந்த உலோகந்தான். வலுவானது, ஆனால் களைத்துப் போவது! ஒவ்வொரு முறை மேலேறும்போதும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் உடல் புடைக்கிறது, இறங்கினால் சுருங்குகிறது. மயிரிழை விரிசல் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே, விமானத்தின் வயதை ஆண்டுக்கணக்கில் மட்டும் அளந்தால் போதாது. 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோஹா விமானத்துக்கு வயது 19. பறந்ததோ 89,680 தடவை! நடுவானில் கூரை பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் மாண்டார். ஏறும்போதே விரிசலைக் கண்ட பயணி ஒருவர் வாய் திறக்கவில்லை. பயணியின் கண்ணை நம்பியா பாதுகாப்பு?

2019இல் போயிங் 737 என்.ஜி. ரகத்தில், இறக்கை உடலோடு இணையும் இடத்தில் விரிசல் கண்டார்கள். 30,000 தடவைக்கு மேல் பறந்தவற்றை ஏழே நாளில் சோதிக்க அமெரிக்க அரசு ஆணையிட்டது. கட்டாயம் என்றால் அது!

இங்கே? மலைக்கு மேற்கே, கமலாபுரத்திலிருந்து 2018இல் சென்னைக்கு விமானம் விட்டார்கள். மகிழ்ச்சி! ஆனால் குறுந்தூர விமானமே விரைவில் மூப்படைகிறது. கண்காணிக்கவேண்டிய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் ஏறக்குறையப் பாதிப் பதவிகள் காலி என்று 2025இல் நாடாளுமன்றக் குழுவே சொல்லிற்று. ஆணை காகிதத்தில் இருக்கிறது, ஆள் எங்கே? டில்லி பதில் சொல்லட்டும்!