ஓசையில்லா ஓடம்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தார்க்குப் பெரியாற்று நீரின் பெருமையை எடுத்துரைத்தல் வேண்டா. மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலந்த ஆற்றைப் பென்னிகுயிக் துரையவர்கள் அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பிய வரலாற்றை நம் சிறுவரும் அறிவர். அந்நீரால் நம் வயல்கள் இருபோகம் விளைகின்றன. ஆயின், அவ்வணையாற் பிறந்த தேக்கடி ஏரி நம் பயிரைக் காப்பதோடு அமையாது, எண்ணிறந்த உயிர்கட்கு உறைவிடமாகவும் விளங்குகின்றது. படகேறிச் சென்று அவ்வுயிர்களைக் காண விழைவார் எங்ஙனம் காண்டல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அணை எழுந்தபொழுது நீரில் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் நூறாண்டு கடந்தும் ஏரியினிடையே நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் கூடு கட்டுகின்றன. நீண்ட கழுத்தினையுடைய பாம்புத்தாரா, நீரில் மூழ்கி மீன் பிடித்தபின், சிறகை அகல விரித்து வெயிலில் உலர்த்துகின்றது. ஈரச் சிறகோடு அதனை வெருட்டுவோமாயின் அதன் உழைப்பு வீணாகின்றது. கூட்டிலிருக்கும் தாய்ப்பறவை அஞ்சி அகலுமாயின் முட்டை வெயிலிற் காய்கின்றது. குஞ்சு பருந்திற்கு இரையாகின்றது. நீர்நாய்களோ குடும்பமாகக் கூடி மீனை வளைத்து வேட்டையாடுவன. பேரிரைச்சல் கேட்பின் வேட்டையை விட்டு ஓடி மறைவன. நீர்நாய் வாளைமீனை இரையாகப் பெறுதல் குறுந்தொகையுட் கூறப்பட்டுளது. அங்ஙனம் பாடிய புலவர் கரையில் ஓசையின்றி அமர்ந்து கண்டவராதல் வேண்டும் என்பது நம் துணிபு.

இக்காலத்து ஏரியிற் செல்வன பெரும்பாலும் இயந்திரப் படகுகளே. விடுமுறை நாட்களில் அவற்றில் எழும் ஆரவாரம் கரைகளில் எதிரொலிக்கின்றது. யானையொன்று தோன்றினால், கண்டோர் அனைவரும் எழுந்து கூவுகின்றனர். இஃது உயிர்கட்கு மட்டுமன்று, காண்பார்க்கும் கேடாம். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ‘ஜலகன்யகா’ என்னும் ஈரடுக்குப் படகு அவ்வேரியிற் கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்கினைக் காணும் ஆவலால் பிரயாணிகள் ஒருபுறமாகத் திரண்டமையும் அதன் காரணங்களுள் ஒன்றாக அந்நாளிற் பேசப்பட்டது. அத்துயரம் மறக்கற்பாலதன்று.

இதற்கு மறுதலையாக, அவ்வேரியிலேயே மூங்கிற் தெப்பம் ஒன்றும் உண்டு. அதில் ஏறுவோர் ஒருசிலரே; துடுப்பே அதனைச் செலுத்துவது. அங்கு வழிகாட்டிகளாய்ப் பணிபுரிவோர் காட்டையறிந்த உள்ளூரார். ஒருகாலத்தில் காட்டு மரங்களிற் பட்டையைக் களவாக உரித்து வாழ்ந்தோர் சிலர், 1990-களில் வனத்துறையாரோடு இணைந்து, அக்காட்டிற்கே காவலராயினர். காட்டைக் காத்தலால் மனிதர்க்கும் வாழ்வு உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். ‘தெப்பத்திற்குக் கட்டணம் மிகுதி; பெரும்படகிற்கோ குறைவு. ஆண்டிற்கு ஒருநாள் குழந்தைகளோடு வரும் ஏழை உழவன் யானையைக் காணலாகாதோ?’ என்பர். இத்தடை நேரியதே. அமைதி செல்வர்க்கும் ஆரவாரம் எளியோர்க்கும் என வகுத்தல் அறமன்று. ஆதலின், பெரும்படகை அறவே ஒழித்தல் வேண்டும் என நாம் கூறோம். அதில் எழுந்து நில்லாமையும் கூவாமையும் விதியாக நிலைபெறல் வேண்டும். காண்பனவற்றை மெல்லிய குரலில் விளக்குவார் ஒருவர் உடன்வரல் வேண்டும். தெப்பத்தில் மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் சில நாட்கள் ஒதுக்கப்படல் வேண்டும் என்பனவே நம் வேண்டுகோள். ஏரி கேரளத்தின்கண் உளதாயினும், அதன் நீரை உண்ணும் நமக்கு இதனைப் பணிவுடன் கேட்கும் உரிமை உண்டு.

ஏரிக்குரிய இந்நெறி கடற்கும் ஒக்கும். பெரியாற்று நீரைப் பெற்ற வைகை, இராமநாதபுரச் சீமையை நோக்கிச் செல்கின்றது. அதற்கு அப்பாலுள்ள பாக் விரிகுடாவில் கடற்பசு வாழ்கின்றது. கடற்புல்லை மேய்ந்து, மூச்செறிய அடிக்கடி மேலெழும் அவ்வுயிர்க்கு விரைந்தோடும் விசைப்படகு பேரிடராம். 2022-ஆம் ஆண்டில் நம் அரசினர் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பிடமாக அறிவித்தனர். ஓங்கிலும் திமிங்கிலமும் ஒலியைக் கொண்டே கடலில் வழியும் இனமும் அறிவன. படகின் முழக்கம் அவற்றின் செவியை மறைக்கின்றது. ஆகவே, கடற்பறவையைக் காணச் செல்வாரும் கடல்வாழ் விலங்கைக் காணச் செல்வாரும் சிறு படகிற் சென்று, விசையை நிறுத்தி, தொலைவில் நின்று காத்திருத்தலே தக்கது.

நோவா உயிர்களைக் காக்கும்பொருட்டு அவற்றைத் தம் பேழையில் ஏற்றினார். உயிர்களைக் காணும்பொருட்டுக் கலமேறும் நாம் அவற்றை வெருட்டுதல் முறையாகுமோ? மாணவ அன்பர்களே, அடுத்த விடுமுறையில் உல்லாசப் பயணம் செல்லும்பொழுது இதனை நினைமின். ஒருநாழிகை வாய்மூடி இருப்பின், ஆண்டவர் படைத்த உயிர்கள் தாமே நம் கண்முன் வெளிப்படும். அதற்குக் கட்டணம் யாதுமில்லை.