அளந்தால் அழியுமோ இசை?

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி. தமிழ்ப்பாட வேளை. தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் மகன் எழுந்தான். "ஐயா! எங்கப்பா பாடறப்ப ஆர்மோனியத்துல ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு சுரம் பிடிக்கிறாரு. அதுக்குப் பேரு என்னங்க ஐயா?" என்று கேட்டான்.

கலைக்கல்லூரிப் பட்டம் பெற்ற நாம் வாயடைத்து நின்றோம். விடியவிடிய ஊரார் கேட்டுக் களித்த ஒலி அது. தந்தையின் தொண்டையிலே பிறந்து மைந்தனின் செவியிலே வாழும் ஒலி. எனினும் அதற்குப் பெயர் இல்லை, குறி இல்லை, ஏட்டிலே இடமும் இல்லை. பெயரில்லாப் பொருள் பட்டா இல்லா நிலம் போன்றது. உழுபவன் ஒருவன், உரிமை கொண்டாடுபவன் வேறொருவன்!

"அது சுருதி நுட்பம், அளவுக்கு அடங்காது, எழுத்துக்கு எட்டாது, குருமுகமாகவே வரவேண்டும்" என்பர் இசைவாணர் சிலர். குருவின் முகம் எவர் பக்கம் திரும்பும், எவர் பக்கம் திரும்பாது என்பதை நாடறியும், தோழர்களே! வேதத்தை எழுதக்கூடாது என்றனர். எழுதப்படாத நாள்வரை அது எவர் வீட்டுச் சொத்தாக இருந்தது? இசையிலும் அதே பூட்டு, அதே சாவி!

எழுத்துக்கு எட்டாதாம். 'அ' என்ற எழுத்து, தாயின் குரலில் உள்ள கனிவைக் காட்டுமா? காட்டாது. அதனால் தமிழை எழுதவேண்டாம் என்று எவரேனும் சொன்னதுண்டா? 1904இல் எட்டயபுரத்திலே வெளிவந்த தம் பெருநூலில், சுப்பராம தீட்சிதரே கமகங்களுக்குத் தனித்தனிக் குறியிட்டுக் காட்டினார். நூல் தெலுங்கில் இருந்தது. குறியோ அனைவர்க்கும் பொதுவானது. அவரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இருக்கும் பெயர்களின் சீர்மையைத்தான் பாருங்கள்! ஒரு மண்டிலத்திலே பன்னிரண்டு கட்டைகள். கர்நாடக இசைமுறை சூட்டியுள்ள பெயர்களோ பதினாறு. சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டை. ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் ஒரே கட்டை. தைவதத்திலும் நிஷாதத்திலும் இதே கூத்து. ஒரே கட்டைக்கு இரண்டு பெயர். கட்டைக்கு நடுவில் வாழும் ஒலிக்கோ ஒரு பெயருமில்லை!

இந்தக் குழப்பத்தைக் கண்டு அளவுகோலைக் கையிலெடுத்தார் ஒருவர். அவர் அரண்மனை வித்துவான் அல்லர்; ஆசிரியராயிருந்து மருத்துவரானவர்; தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1916இல் பரோடாவிலே கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில், ஒரு மண்டிலத்துக்கு 22 சுருதி என்ற கொள்கையை எதிர்த்து வாதிட்டார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மண்டிலத்தை 24 சம அலகுகளாகப் பகுக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

கணக்கைப் பார்ப்போம். ஒலியிடைவெளியை அளக்க, ஒரு மண்டிலத்தை 1200 பங்காக்கிச் 'செண்ட்' என்ற அலகைத் தந்தார் ஆங்கிலேயர் எல்லிஸ், ஆண்டு 1885. ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே 100 செண்ட். பண்டிதரின் ஓர் அலகு 50 செண்ட். அதாவது கட்டைக்கும் கட்டைக்கும் சரிபாதி. 'சதுச்ருதி' என்றால் நான்கு சுருதி. நான்கு ஐம்பது 200, கட்டை இருப்பது அங்கேயே. 'ஷட்ச்ருதி' என்றால் ஆறு. ஆறு ஐம்பது 300, அங்கும் கட்டை இருக்கிறது. 22 சமபங்கு என்று கொண்டாலோ நான்கு சுருதி ஏறத்தாழ 218 ஆகும். ஆறு 327 ஆகும். "எங்கள் சுருதிகள் சமமானவை அல்ல" என்பர் மறுப்போர். நன்று! ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணால் சொல்லட்டும். சொன்னவர்களும் உண்டு, அவர்களை வணங்கி வரவேற்போம். எண்ணைச் சொல்லாமல் புனிதத்தைச் சொல்வோரிடந்தான் நமக்கு வழக்கு.

அதற்காகப் பண்டிதரின் நூலை இன்னொரு வேதமாக்கிப் பூசை செய்யச் சொல்கிறோமா? இல்லை. சிலப்பதிகார உரைமரபிலும் குரல் முதல் தாரம் வரை 4, 4, 3, 2, 4, 3, 2 எனக் கூட்டினால் வருவது 22 அலகே. 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்தரும் 22 அலகை வைத்தே கணக்கிட்டார். இருவரும் தமிழர், இருவரும் முரண்பட்டனர். ஆனால் இருவரும் எண்ணை வைத்துப் பேசினர். எண்ணைச் சோதிக்கலாம், திருத்தலாம், தள்ளலாம். மறைபொருளை என்ன செய்வது? கும்பிடத்தான் முடியும்!

பிற நாட்டார் கும்பிட்டுக் கிடக்கவில்லை. ஈரானில் அலி நகி வசீரி, கால்சுரத்துக்குக் 'கோரோன்', 'சோரி' என இரு குறிகளை வகுத்தார். செக் நாட்டு அலோயிஸ் ஹாபா கால்சுரத்திலே இசைநாடகம் இயற்றினார். அவருக்காகக் கால்சுரப் பியானோவே செய்யப்பட்டது. 1932இல் கெய்ரோவிலே கூடிய அரபு இசை மாநாட்டில், 24 சமபங்கு சரியா தவறா என்று அறிஞர்கள் மோதினர். இங்கே நடந்தது என்ன? ஆர்மோனியக் கட்டைகளில் சுருதி நுட்பம் பேசாது என்று குறைகூறி, 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. கட்டை போதவில்லையென்றால் கட்டையைக் கூட்டுவது அறிவு. கருவியைத் துரத்துவது ஆணவம். துரத்தப்பட்ட ஆர்மோனியத்தை மடியில் வைத்துக் காத்தவர் யார்? நம் கூத்துக் கலைஞர்!

சரி, என்ன பெயர் வைப்பது? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு பெயர்கள் நம்மிடம் உண்டு. தாழ்ந்ததை மென் என்றும் உயர்ந்ததை வன் என்றும் அடைகொடுத்து வழங்கும் முறையும் உண்டு. குரலும் இளியும் ஒவ்வொன்று, மற்ற ஐந்தும் இவ்விரண்டு, ஆகப் பன்னிரண்டு. இனி, வல்லினம் மெல்லினம் படித்த பிள்ளை இடையினத்தையும் படித்தவனன்றோ? மென்னுக்கும் வன்னுக்கும் நடுவே நிற்பதை 'இடை' என்போம்: இடைத்துத்தம், இடைக்கைக்கிளை, இடையுழை, இடைவிளரி, இடைத்தாரம், ஐந்து. எஞ்சியவை ஏழு. அவை ஏழு சுரங்களின் உச்சிக்கு மேலே அரைக்கட்டை ஏறி நிற்பவை. 'ஏறு' என்று அடைகொடுப்போம்: ஏறுகுரல், ஏறுதுத்தம், ஏறிளி என்பதுபோல. பன்னிரண்டும் ஐந்தும் ஏழும் இருபத்துநான்கு. எழுதும்போது முதலெழுத்தோடு மென்னுக்குக் கீழ்க்கோடு, இடைக்குப் புள்ளி, ஏறுக்கு மேற்கோடு; வன்னுக்குக் குறியே வேண்டாம்.

கூட்டொலிக்கும் இதே வழி. குரல், வன்கைக்கிளை, இளி சேர்ந்தொலித்தால் வன்கூட்டு. மென்கைக்கிளை சேர்ந்தால் மென்கூட்டு. இடைக்கைக்கிளை நடுவில் நின்றால் 350, 350 எனச் சரிபாதியாகப் பிரியும் கூட்டு ஒன்று பிறக்கும். அழுகையென்றும் சொல்லவியலாது, சிரிப்பென்றும் சொல்லவியலாது. அதை இடைக்கூட்டு என்போம். திரையிசைக்குக் கூட்டொலி அமைக்கும் இளைஞன் கேட்டால், கொடுக்கத் தமிழில் ஒரு சொல் இருக்கட்டுமே!

இவை முடிந்த முடிபல்ல. மேலான பெயர் கண்டவர் தரட்டும்; அளவு தவறென்றால் அளந்து காட்டட்டும். இன்று கைபேசியே ஒலியை அளக்கிறது. அம்மாணவனின் தந்தையைப் பாடச்சொல்லி நாமும் அளந்தோம். மென்கைக்கிளைக்கும் வன்கைக்கிளைக்கும் நடுவே முள் நின்று ஆடியது. மறுநாள் கரும்பலகையிலே 'கை' என்று எழுதிப் புள்ளி வைத்தான் மகன். "எங்கப்பா சுரம்" என்றான்.

தோழர்களே! உங்கள் ஊர்க் கூத்துக்காரரிடம், பம்பைக்காரரிடம், நாதசுவரக்காரரிடம் செல்லுங்கள். அவர்கள் பாடுவதை அளந்தெழுதுங்கள். அரசுப் பள்ளியின் பாடநூலில் இசைக்குறிகளுக்கு நான்கு பக்கம் கேளுங்கள். கோயில் கதவைத் திறக்கப் போராடிய இயக்கம், சுருதியின் கதவையும் தட்டவேண்டும். உள்ளே தெய்வ இரகசியம் ஏதுமில்லை. இருபத்துநான்கோ இருபத்திரண்டோ படிகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஏறும் உரிமை எல்லார்க்கும் வேண்டும்!