மீட்பு ரோபோவைப் பார்த்து பயந்தா கேலியா?

மீட்பு ரோபோ வீடியோ எது வந்தாலும் 'பார்க்கவே பயமா இருக்கு'ன்னு ஒருத்தர் எழுதுவார். உடனே கீழ பதில் வரும்: "உயிர் போற நேரத்துல அழகு பாப்பியா?"

அப்படி எழுதுறவங்களுக்குத்தான் இந்த இழை. கொஞ்சம் பொறுமையா படிங்க.

உங்க கால் மேல பீம். கும்மிருட்டு. கழுத்தைத் திருப்ப முடியல. கரகரன்னு ஏதோ ஊர்ந்து வருது. ஒரு வார்த்தை பேசாம முகத்துல லைட் அடிக்குது. மனுஷனும் டார்ச் அடிப்பார்தான். ஆனா "பயப்படாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே அடிப்பார்.

2001-ல் நியூயார்க் உலக வர்த்தக மைய இடிபாடுகள்ல ரோபோ இறக்கினவங்கள்ல ஒருத்தர் ராபின் மர்ஃபி. சிக்கினவர்கிட்ட ரோபோ எப்படி நெருங்கணும், எப்படி அசையணும்னும் அவங்க ஆராய்ச்சி பண்ணாங்க. கிளிஃபோர்ட் நாஸோட சேர்ந்து, சிக்கினவரோட பேசுறதுக்குன்னே 'சர்வைவர் படி'ன்னு ஒரு திரை வெச்ச தலையை உருவாக்கினாங்க. வேலை இல்லாமலா?

"கண்டுபிடிச்சாச்சு, இனி என்ன பேச்சு?"ன்னு கேப்பீங்க. கண்டுபிடிக்கிறது வேற, வெளிய எடுக்கிறது வேறங்க. நடுவுல பல மணி நேரம் ஓடலாம். ரொம்ப நேரம் நசுங்கின காலை சட்டுனு விடுவிச்சா, சிதைஞ்ச தசையில இருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்து இதயம் நின்னுடலாம். கிட்னியும் போகலாம். க்ரஷ் சிண்ட்ரோம்னு பேரு. அதனால முடிஞ்சவரை பீமைத் தூக்குறதுக்கு முன்னாடியே சலைன் ஏத்த ஆரம்பிக்கணும். எவ்வளவு நேரமா மாட்டியிருக்கீங்க, கால்ல உணர்ச்சி இருக்கான்னு கேட்டா அவர் பதில் சொல்லணும். பயத்துல உறைஞ்சு போனவர் எப்படிங்க சொல்வார்?

நானும் இதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். பைக்ல விழுந்து வந்த பையன் ஒருத்தனை எதுவும் விளக்காம சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினேன். தலை உள்ள போனதும் கத்திக்கிட்டு எந்திரிச்சிட்டான். ரெண்டு தடவை. அப்புறம் ஆயாம்மா லெட் ஏப்ரன் மாட்டிக்கிட்டு, அவன் கால் கட்டை விரலைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. "இங்கதான் இருக்கேன் தம்பி." ஸ்கேன் முடிஞ்சது. மெஷின் அதேதான்.

டெமோ காட்டும்போது எத்தனை கிலோ தூக்கும், எவ்வளவு ஆழம் போகும்னு மட்டும் கேட்டுட்டு கைதட்டாதீங்க. அதுல மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கம் உக்காந்து தமிழ்ல பேசப் போறது யாரு? அதையும் கேளுங்க.