சபாநாயகர் யாருக்குப் பயப்பட வேண்டும்?



சபாநாயகர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டி.வி. செய்தியில் "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். அவ்வளவுதானே? ஆனால் அந்த நாற்காலி நம்ம ஊர் வரைக்கும் வந்து தொடும் நாற்காலி. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்து. 1642 ஜனவரி 4. மன்னர் முதலாம் சார்லஸ் தன்னை எதிர்த்த ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க, வீரர்களை வாசலில் நிறுத்திவிட்டு பாராளுமன்றத்துக்குள் வந்துவிட்டார். அவர்கள் ஏற்கனவே தப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்டார். சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டி போட்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தச் சபை சொல்லாமல் எனக்குக் கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1649-ல் மன்னரின் தலையே போனது!

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவா கண் மூடியது 1925 ஜூலை 23. அடுத்த மாதம் 24-ம் தேதி, டெல்லி மத்திய சட்டசபைக்கு முதன்முதலாக ஓர் இந்தியர் தலைவராகத் தேர்வானார். அவர் விட்டல்பாய் படேல், சர்தார் படேலின் அண்ணன். சென்னையைச் சேர்ந்த டி. ரங்காச்சாரியாரை இரண்டே ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்த உடனே, இனி நான் கட்சிக்காரன் இல்லை என்று அறிவித்தார்.

1928-ல் வெள்ளைக்கார அரசு பொதுப் பாதுகாப்பு மசோதா கொண்டுவந்தது. ஓட்டு சரிசமம். படேல் தன் ஓட்டை எதிர்த்துப் போட்டுத் தோற்கடித்தார். அரசு விடவில்லை, மறுபடியும் கொண்டுவந்தது. 1929 ஏப்ரல் 8 அன்று அவர் தன் தீர்ப்பைச் சொல்ல எழுந்த நேரத்தில்தான் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசினார்கள். அந்தப் பரபரப்பிலும் அவர் மாறவில்லை. ஏப்ரல் 11 அன்று மசோதாவை விவாதிக்கவே முடியாது என்று தீர்ப்பளித்தார்.

சில நாளில் வைஸ்ராய் அதையே அவசரச் சட்டமாகப் போட்டுவிட்டார். அப்படியானால் படேல் தோற்றாரா? இல்லை என்பேன். இது மக்கள் சபை சம்மதித்த சட்டம் இல்லை, அரசாங்கத்தின் உத்தரவு என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே!

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, ஒரு எம்.எல்.ஏ. பதவி இருக்குமா போகுமா என்று முடிவு செய்பவர் சபாநாயகர்தான். 2017 செப்டம்பர் 18 அன்று தமிழகத்தில் 18 எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். அதில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டும் நம் மாவட்டம். 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடக்கும்வரை, ஒன்றரை வருடத்துக்கும் மேல், அந்த ஊர்களுக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது. குடிதண்ணீர், ரோடு என்று சபையில் எழுந்து கேட்க ஆள் இல்லை.

அந்த முடிவு செல்லும் என்று 2018-ல் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நான் பேச வரவில்லை. என் கேள்வி வேறு. கபடியில் ஒரு டீம் ஆளே ரெப்ரியாக நின்றால், அவர் சரியாகவே விசில் அடித்தாலும் எதிர் டீம் நம்புமா?

"சபாநாயகரும் கட்சி சின்னத்தில் நின்று ஜெயித்தவர்தானே, அடுத்த தேர்தலில் சீட் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் இங்கிலாந்தில் சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டு விலகிவிடுகிறார். அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் அவரை எதிர்த்து நிற்பதில்லை என்பது வழக்கம். இங்கேயும் 1967-ல் நீலம் சஞ்சீவ ரெட்டி மக்களவை சபாநாயகர் ஆனதும் கட்சியை விட்டு விலகினார். முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

தனி மனிதர் தைரியத்தை மட்டும் நம்பினால் போதாது. அதே லெந்தால், 1660-ல் மன்னராட்சி திரும்பியதும், சபைக்குள் ஒருவர் பேசிய பேச்சை வைத்தே அவருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னார்! மனுஷன் மாறலாம், விதி மாறக்கூடாது. ஆகவே சபாநாயகர் ஆனதும் கட்சியை விட வேண்டும் என்பதைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை நம் பள்ளியில் மாதிரி சட்டசபை நடத்தும்போது, சபாநாயகரை ரகசிய ஓட்டில் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். நம்மில் பலருக்கு இன்னும் சில வருடத்தில் உண்மையான ஓட்டு வரப்போகிறது. அதற்குள் நடுவர் என்றால் யார் என்று பழகிக்கொள்வோமே!

சபாநாயகர் பயப்பட வேண்டியது மன்னருக்கும் இல்லை, முதல்வருக்கும் இல்லை, கட்சித் தலைவருக்கும் இல்லை. சபைக்கும், அந்தச் சபைக்கு ஆள் அனுப்பிய நமக்கும்தான்.

சிந்திப்போம் நண்பர்களே!

— பதினோராம் வகுப்பு மாணவி