உரைகல் இல்லாத சரக்கு

பொன் வாங்கச் செல்பவனுக்குத் தட்டானிடம் ஓர் உரைகல் உண்டு. நெல் வாங்குபவன் ஒரு மணியைப் பல்லிற் கடித்துப் பார்க்கலாம். புகையிலை வாங்குபவன் சிப்பத்தை அவிழ்த்து முகர்ந்து பார்க்கலாம். நல்ல சரக்கையும் தீய சரக்கையும் பிரித்தறியக் கண்ணும் கையும் மூக்கும் நமக்குத் துணைநின்ற காலம் நெடிது. இத்துணைகள் எவையும் செல்லாத சரக்கொன்று இன்று நம் வீட்டிலும் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் புகுந்திருக்கின்றது. விரல்நுனி அளவான கருநிறத் துண்டு. அதன் முதுகிற் சில எழுத்துகள், சில எண்கள். இலத்திரனியற் கருவிகளின் உயிர்நிலை அதுவே. அது செய்யும் தொழிலை நாம் அறிவது அதன் மேலுள்ள எழுத்தினால் மட்டுமே. அந்த எழுத்தே பொய்யாயின் வாங்குபவன் என் செய்வான்?

இலத்திரனியல் உறுப்புகளிற் போலி மலிந்திருப்பது உலகறிந்த செய்தி. பெரும்பொருள் படைத்த வல்லரசும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்கச் செனற் சபையின் படைத்துறைக் குழு 2012 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், 2009, 2010 ஆகிய ஈராண்டுகளில் மாத்திரம் ஏறத்தாழ 1,800 போலி நிகழ்வுகளைக் காட்டியது. அவற்றுட்பட்ட உறுப்புகளின் தொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் விமானத்திலும் படைச்சரக்கு விமானத்திலுங்கூட அவை இடம்பெற்றிருந்தன. அதே ஆண்டில் அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் வேறொரு சோதனை செய்தது. மாற்றுப் பெயரில் இணையச் சந்தையிற் புகுந்து 16 உறுப்புகளை வாங்கியது. பதினாறும் போலியென ஐயுறத்தக்கனவாகவே இருந்தன. அவற்றுள் நான்கு, எந்த உற்பத்தியாளனும் என்றுமே செய்யாத கற்பனை எண்களைக் கொடுத்துக் கேட்கப்பட்டவை. இல்லாத பொருளையும் 'இருக்கின்றது' என்று அனுப்பிவைத்தார்கள் வணிகர்கள்! வேண்டிய எண்ணை முதுகில் எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாப் பொருளும் கையிருப்பில் உள்ளனவே.

இப்போலிகளிற் பெரும்பாலானவை வெறும் வெற்றுக்கூடுகள் அல்ல. பழைய உறுப்புக்குப் புதிய பெயர் சூட்டியவை அவை. மேலைநாடுகள் கழித்த கணினிகளும் தொலைபேசிகளும் கப்பல் கப்பலாகச் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக் குய்யூ போன்ற ஊர்களில் நெடுங்காலம் வந்து குவிந்தன. அங்கே ஏழைத் தொழிலாளர் சுற்றுப்பலகைகளை நெருப்பிற் காய்ச்சி உறுப்புகளைக் கழற்றினர், கழுவினர், வெயிலில் உலர்த்தினர். இதுவரை நடந்ததிற் களவு எதுவுமில்லை. உடல்நலத்தை விலையாகக் கொடுத்துச் செய்த உழைப்பே உள்ளது. பின்னர் ஒருவன் அவ்வுறுப்பின் முதுகைத் தேய்த்து, பழைய எழுத்தை அழித்து, கரும்பூச்சுப் பூசி, புதிய எண்ணும் புதிய ஆண்டும் பொறித்தான். களவு பிறந்தது அந்த இடத்திலேதான். பொருள் பழையதாயிருப்பது குற்றமன்று. பழையதைப் புதியதென்பதே குற்றம். இவ்வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு அது மிக நெருங்கியது.

இக்குடாநாட்டார் பழுதுபார்க்கும் கைத்திறனிற் பெயர்பெற்றவர்கள். அத்திறன் இல்லாமையினால் வளர்ந்தது. 1990 இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்கலமும் எரிபொருளும் சவர்க்காரமும் கிட்டாப் பொருள்களாயின. மின்சாரமும் அற்றுப்போயிற்று. சைக்கிளை நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு கருவி இறந்தால் அதன் உறுப்புகள் பத்துக் கருவிகளை வாழ்வித்தன. அந்நாளைய ஒட்டுவேலை ஏழ்மையானது, ஆயினும் நாணயமானது. டைனமோ தன்னை மின்கலமென்று சொல்லிக்கொள்ளவில்லை. பழைய வானொலியிலிருந்து கழற்றிய திரான்சிற்றர் பழையதென்றே கைமாறியது. கொடுப்பவனும் கொள்பவனும் பொருளின் வரலாற்றை அறிந்திருந்தனர்.

போர் முடிந்த 2009 இன் பின் பாதை திறந்தது, சரக்கும் வந்தது. ஆனால் சரக்கின் வரலாறு அதனோடு வரவில்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இக்கடைக்கோடிக்கு ஓர் உறுப்பு வந்து சேருமுன் எத்தனை கைகள் மாறுகின்றன என்பதைப் பல வேளைகளில் விற்பவரே அறியார். இந்நிலையில் நாட்டின் நாணய நெருக்கடி வந்து சேர்ந்தது. 2021 செப்தெம்பரில் கைத்தொலைபேசி, வீட்டு மின்சாதனம் முதலிய பல பொருள்களின் இறக்குமதிக்கு முழுத்தொகையையும் முன்வைப்பாகக் கட்டவேண்டுமென மத்திய வங்கி விதித்தது. 2022 இல் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. புதியது வாங்க வகையற்றவன் பழையதைப் பழுதுபார்த்தான். பழுதுபார்க்க உறுப்பு வேண்டும். அவ்வாண்டுகளில் உலகெங்கும் இலத்திரனியற் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. உரிமைபெற்ற முகவரிடம் சரக்கில்லாதபோது, உரிமையற்றவனிடம் அது 'இருந்தது'. வாயிற்கதவு ஒடுங்குமிடத்திற் கொல்லைக் கதவு அகலும் என்பது வணிகத்தின் பழைய நியதி. இறக்குமதித் தடைகள் பின்னர் படிப்படியாக நீக்கப்பட்டன. ஆயினும் திறந்து பழகிய கொல்லைக் கதவு தானாக மூடிக்கொள்வதில்லை.

இதனால் விளையும் கேடு யாது? வலிகாமத்துச் செம்மண் தோட்டமொன்றை எண்ணிப் பார்ப்போம். ஆறில்லாத இந்நிலத்தில் சுண்ணக்கல்லின் அடியிலுள்ள கிணற்றுநீரே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் உயிர். துலா மிதித்த காலம் போய் மின்மோட்டர் இறைக்கின்றது. அம்மோட்டரின் புறத்தே உருளை வடிவிற் பொருத்தப்பட்டிருப்பது கொள்ளளவி. கடையிற் 'கப்பாசிற்றர்' என்று கேட்பது இதனையே. உலோகப் பூச்சிட்ட மெல்லிய தாள்களின் சுருள் அதனுள் இருக்கின்றது. தாளின் தடிப்பைப் பொறுத்தது அது தாங்கும் மின்னழுத்தம். தாளை மெலிதாக்கிச் சுருளைக் குறுக்கினாற் செலவு மிச்சம். மேலே 450 வோல்ற்று என்று அச்சிடுவதற்கோ செலவில்லை. பெரிய கூட்டினுள்ளே சிறிய கொள்ளளவியை ஒளித்து மூடிய போலிகளைத் தொழில்நுட்பர் பலர் உடைத்துக் காட்டியிருக்கின்றனர்.

அத்தகைய போலி முதல்நாள் ஒழுங்காகவே வேலை செய்யும். அளவுமானியை வைத்துப் பார்த்தாலும் கொள்ளளவு சரியாகவே காட்டக்கூடும்; அது எத்தனை நாள் தாங்கும் என்பதை அம்மானி சொல்லாது. சில கிழமைகளில் அதன் வலு குன்றும். மோட்டர் சுழலாமல் உறுமும், சுருட்கம்பி சூடேறும், கவனிப்பாரின்றேல் காப்புப் பூச்சு எரியும். கொள்ளளவியில் மிஞ்சியது சில நூறு ரூபா. போனதோ மோட்டரின் கம்பிச்சுற்று. அதனினும் மேலாக, நீரின்றி வாடிய பாத்திகள். விதைவெங்காயத்துக்குக் கடன்பட்டவனிடம் அந்நட்டத்தை ஈடுசெய்யும் வகையில்லை. அவன் யாரை நோவான்? மோட்டரைத் திருத்தியவரையே நோவான். கண்காணாத் தேசத்திற் பொய்யெழுத்துப் பொறித்தவன் கணக்கில் வருவதில்லை. முப்பது ஆண்டு முயன்று தேடிய ஒரு தொழிலாளியின் நற்பெயர், அவர் செய்யாத பிழைக்காக ஒரு நாளில் அழிகின்றது.

பள்ளியில் விளையும் கேடு இதனினும் நுண்ணியது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் ஆரம்பிக்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. சுற்றமைத்துப் பழகும் மாணவர் தொகை நம்மிடையே பெருகியிருக்கின்றது, நல்லதே. மாணவனொருவன் நூலிற் சொல்லியவாறே சுற்றை அமைக்கிறான். அது வேலை செய்யவில்லை. சில்லு போலியென்பதை அவன் எவ்வாறறிவான்? தன் கணக்கையே ஐயுறுகிறான். தன் அறிவையே ஐயுறுகிறான். சரியாயிருந்ததைப் பிழையெனக் கொண்டு மாற்றுகிறான். பரிசோதனை உண்மை பேசும் என்ற நம்பிக்கையே விஞ்ஞானக் கல்வியின் அடித்தளம். அங்கே பொய்ச்சாட்சி புகுவதை ஆசிரியர் உலகம் சிறிதென எண்ணலாகாது.

இதற்கு மாற்றாக, 'உரிமைபெற்ற முகவரிடம் மட்டுமே வாங்குக' என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. உற்பத்தியாளன் செய்வதை நிறுத்திவிட்ட பழைய உறுப்புகள் முகவரிடம் கிடைப்பதில்லை. பழைய சரக்கைச் சேர்த்துவைத்திருக்கும் சிறு வணிகரிடமே கிடைக்கும். அவர்களிலே நாணயமானவர் பலர். உரிமையற்றது வேறு, போலி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒறுத்தால் ஏழையின் வானொலிக்கும் மின்விசிறிக்கும் மருந்தின்றிப் போகும்.

ஒறுத்தல் யார்மேல் விழவேண்டும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. கிளாஸ்கோ நகரத்து எப்.ரி.டி.ஐ. என்னும் நிறுவனத்தின் சில்லுகளைப் பலர் போலியாகச் செய்து விற்றனர். 2014 ஒக்தோபரில், விண்டோஸ் புதுப்பித்தலின் வழியே கணினிகளைச் சேர்ந்த அந்நிறுவனத்தின் மென்பொருள், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. போலி செய்தவனுக்கு நட்டமில்லை. அவன் விற்று முடித்தவன். ஏதுமறியாது கருவியை வாங்கியவனின் கையிலேயே அது செத்தது. கண்டனம் எழுந்து அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. சங்கிலியின் கடைசியில் நிற்பவனைத் தண்டிப்பது போலியை ஒழிக்காது.

ஆயின் செய்யத்தக்கது யாது? உறுப்பின் உண்மையை உறுப்பைப் பார்த்து அறிய இயலாது. அது வந்த வழியைக் கொண்டே அறிதல் வேண்டும். ஆதலின் வழியை எழுத்திற் கொண்டுவருவதே முதற்பணி. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்கும் நுகர்வோனுக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது வணிகரின் கடமை. நாமோ கேட்பதில்லை, கேட்பதை அவமரியாதை என எண்ணிக் கூச்சப்படுகிறோம். பற்றுச்சீட்டு நாணயமான வணிகருக்குக் கவசம், நாணயமற்றவனுக்கே அச்சம். கைத்தொலைபேசி வாங்குமுன் அதன் பதினைந்திலக்க அடையாள எண்ணைக் குறுஞ்செய்தியாக 1909 க்கு அனுப்பிச் சரிபார்க்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வகைசெய்திருக்கின்றது. பெரிய கருவிக்கு இயன்றது இது. உள்ளேயிருக்கும் சிறு உறுப்புக்கு அத்தகைய எண்ணில்லை. அதற்கு மனிதர் கொடுக்கும் எழுத்தே சான்று.

இரண்டாவது பணி கூட்டுறவு. தனிக்கடை ஒன்றுக்கு மாதத்தில் வேண்டியது பத்துக் கொள்ளளவிகள். அச்சிறு தொகைக்கு உரிமைபெற்ற முகவரிடம் தருவித்தால் அனுப்புகூலியே விலையை விழுங்கிவிடும். ஐம்பது கடைகள் சேர்ந்து வாங்கினால் அக்கூலி பங்கிடப்படும். நல்ல சரக்கின் விலை கைக்கெட்டும். மூளாயிற் கூட்டுறவினால் வைத்தியசாலையே நடத்திக் காட்டிய மக்கள் நாம். பழுதுபார்ப்போர் சேர்ந்து ஒரு கொள்முதற் சங்கம் அமைப்பது நமக்கு அரிய செயலன்று. பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் தம் ஆய்வுகூடத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, ஐயத்துக்கிடமான உறுப்புகளை உடைத்துப் பார்த்து முடிவைச் சங்கத்துக்கு அறிவிக்கலாம். மாணவருக்கு அதனினும் நல்ல பாடம் வேறில்லை.

மூன்றாவது, பழையதைப் பழையதென்றே விற்கும் வழக்கத்தை மீண்டும் பெருமைக்குரியதாக்குதல். கழற்றிய உறுப்பைத் தனிப்பெட்டியில் இட்டு, 'கழற்றியது' என்று எழுதி, குறைந்த விலைக்குக் கொடுப்பவர் ஏழைக்கும் உதவுகிறார், உண்மைக்கும் உதவுகிறார்.

நம் மொழியிற் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகின்றது. காசின் மதிப்பு வீழ்ந்த துன்பத்தை 2022 இற் கண்டோம், அதைத் தாங்கவேண்டியதாயிற்று. கடைவீதியின் மற்ற நாணயத்தைக் காப்பது மத்திய வங்கியின் வேலையன்று. அது ஒரு துண்டுப் பற்றுச்சீட்டைக் கேட்பவரின் வேலை. அதனை முகஞ்சுளியாது எழுதிக் கொடுப்பவரின் வேலை.